நம்மைக் கண்டு ஓடும் நீலம்

ஒலி தள்ளும். பரீட்சையில் இதை உங்களிடம் யாரும் பெரிதாகக் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டிருந்தாலும் இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவியிருப்பீர்கள். நானும் அப்படித் தாவியவள்தான்.

ஸ்கேன் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டால் அறிவுரை சொல்வார்கள், கேட்பவர்களுக்குக் கொட்டாவி வரும். அறிவுரை என்றால் எனக்கே கொட்டாவி வரும். அதனால் ஒரு சண்டையைச் சொல்கிறேன். இதே திருவனந்தபுரத்தில், நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. ஊரையும் தொழிலையும் மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு, ஆளின் பெயரை மாற்றிச் சொல்கிறேன்.

அதற்கு முன் கொஞ்சம் பாடம். முகத்தைச் சுளிக்காதீர்கள், சீக்கிரம் முடித்துவிடுவேன்.

நாம் உடம்புக்குள் அனுப்பும் ஒலி காதுக்குக் கேட்காது. ஆனால் அதற்குப் பலம் உண்டு. உள்ளே போகப் போக அந்தப் பலம் குறைகிறது. குறைந்த பலம் சும்மா மறைந்துவிடுமா? கொஞ்சம் சூடாகிறது. கொஞ்சம், வழியில் இருப்பதைத் தள்ளுகிறது. சதையும் கொழுப்பும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடப்பவை, அவை அசைவது நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு பைக்குள் நீர் இருந்து, அதில் பொடிப்பொடியாக ஏதாவது மிதந்தால், ஒலி போகிற திசையில் அந்த நீர் நகரும், பொடியும் கூடவே போகும். கஞ்சிக் கிண்ணத்தை வாயால் ஊதினால் மேலே படிந்த ஆடை எதிர்ப்பக்கம் ஒதுங்கி, ஓரமாகச் சுற்றித் திரும்பி வருமே, அந்த மாதிரி. கறுப்பு வெள்ளைப் படம் எடுக்கும்போது இந்த ஊதல் மிக மெல்லியது. ரத்த ஓட்டம் பார்க்கக் கலர் பட்டனைத் தட்டினோமானால் ஒரே இடத்துக்கு ஒலித்துடிப்புகள் அடுத்தடுத்துப் போகும், ஊதல் பலமாகிவிடும். பாடம் அவ்வளவுதான்.

முத்துலட்சுமி வள்ளியூர்ப் பக்கத்துப் பெண். பழவங்காடியில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. கணவனுக்குத் தம்பானூரில் ஒரு ஹோட்டல் சமையற்கட்டில் வேலை. கைக்குழந்தை ஒன்று, பெண். ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் அறைக்கு வந்தாள். இடது மார்பில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி. வெளியில் ஒரு ஸ்கேன் மையத்தில் எடுத்த அறிக்கையோடு எங்கள் சர்ஜனைப் பார்த்திருக்கிறாள். "திடமான கட்டி, உள்ளே ரத்த ஓட்டம் உண்டு" என்று அதில் இருந்தது. சர்ஜன் மறுநாள் காலை அறுவை சிகிச்சைக்குப் பெயர் எழுதிவிட்டார். கட்டியை முழுசாக எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது என்று முடிவு. என்னிடம் அனுப்பியது கருத்துக் கேட்பதற்கு அல்ல. கட்டி எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று பார்த்து, தோலில் மார்க்கர் பேனாவால் குறி போட்டு அனுப்ப வேண்டும். அதாவது கோலம் போடுகிற வேலை.

"முதல்லயே ஊசி போட்டுப் பாத்திருக்கலாமே?" என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. பாத்திருக்கலாம்தான். அவள் வீட்டில் நடந்த கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

"எங்க அக்காவுக்கும் இப்பிடித்தான் டாக்டரம்மா, சின்னக் கட்டின்னாவ. அடுத்த ஆடிக்கு அவ இல்ல" என்றாள் முத்துலட்சுமி. சீலையின் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "அதான் எங்க வீட்ல எல்லாரும், ஊசியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், முழுசா வெட்டி எடுத்துருங்கன்னு டாக்டர் கால்ல விழாத கொறைதான்."

"பிள்ளைக்குப் பால் குடுக்கிறியா மக்கா?"

"இன்னைக்குக் காலைல வரைக்கும் குடுத்தேன். இனிமே குடுக்கக் கூடாதாம்." பர்ஸைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையைக் காட்டினாள். "சாயங்காலம் இதைப் போடணும். பால் வத்திருமாம். பால் இருக்கையில வெட்டுனா புண்ணு ஆறாதுன்னு சொன்னாவ. எம்பிள்ள பாட்டில வாயிலயே வைக்க மாட்டேங்கா டாக்டரம்மா. ரப்பரைத் துப்பிப் போடுதா. வத்துனது வத்துனதுதானே? பொறகு வராதுல்லா?"

திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு என்பது எனக்குத் தெரியும். "படு மக்கா, பாத்துருவோம்" என்றேன். மார்க்கர் பேனாவின் மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன்.

கறுப்பு வெள்ளையில் பார்த்தால் அந்த மையத்து டாக்டரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. உள்ளே முழுக்கப் பொடிப்பொடியாக வெளிறித் தெரிந்தது. திடமான கட்டி என்று நானும் எழுதியிருப்பேன். கலரைத் தட்டினேன். நடுவில் நீலம், ஓரத்தில் மெல்லியதாகச் சிவப்பு. நீலம் என்றால், நாம் தோலில் வைத்துப் பார்க்கிற ப்ரோபை விட்டு விலகிப் போவது, சிவப்பு என்றால் ப்ரோபை நோக்கி வருவது. போக ஒரு குழாய், வர ஒரு குழாய். பாடப் புத்தகத்தில் போட்டிருக்கும் படம் போல இருந்தது. குறியைப் போட்டு அனுப்பியிருக்க வேண்டியதுதான்.

ஆனால் எங்கள் காலத்தில் ஒரு துறைத் தலைவர் இருந்தார். சிடுமூஞ்சி. படத்தைக் காட்டினால் பார்க்க மாட்டார். "படம் கெடக்கட்டும், அது எப்படி வந்துதுன்னு சொல்லு" என்பார். ரத்தம் என்றால் துடிக்க வேண்டும், இதயம் அடிக்கிற கணக்கில் ஏறி இறங்க வேண்டும். இந்த நீலம் துடிக்கவில்லை. தெளிந்த ஓடை மாதிரி ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. கலரை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்தேன். பொடிகள் அப்படியே நின்றன. கலரைப் போட்டேன். நின்ற பொடிகள் மெல்லக் கிளம்பின. அணைத்தேன், நின்றன. போட்டேன், கிளம்பின.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்களே. ஓட்டம் இருக்கிறதா என்று பார்க்கப் போன மெஷினே அங்கே ஓட்டத்தை உண்டாக்கி, அதையே கலர் பூசி எனக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது. இது உண்மையானால் உள்ளே இருப்பது கட்டி இல்லை. நீர்ப்பை. பாலூட்டுகிற பெண்ணுக்குப் பால் அடைத்துக் கட்டிக்கொண்ட பை.

உண்மையானால். இந்த ஒரு சொல்லை நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். அவள் அக்கா இதே மாதிரிக் கட்டியோடு போனவள். நான் பெருமைக்கு ஒன்றைச் சொல்லி, அறுவை நின்று, பிறகு அது வேறாக இருந்துவிட்டால் அந்தக் குழந்தைக்குப் பாலும் இல்லை, தாயும் இல்லை.

பேனாவை மூடினேன். சர்ஜனுக்குப் போன் போட்டேன்.

அவர் கொல்லத்துக்காரர். கெட்டிக்காரர், பொறுமை மட்டும் கிடையாது. நாங்கள் இருவரும் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவோம், எந்தச் சொல் எந்த மொழி என்று இருவருக்கும் கவலையில்லை.

"மார்க்கிங் கழிஞ்ஞோ டாக்டரே?"

"போடல சார். ஒரு தடவை வந்து பாருங்க."

வந்தார். வரும்போதே முகம் சரியில்லை. "நாளைக்கு லிஸ்ட் போட்டுக் கழிஞ்ஞு. இனி எந்தா பிரஸ்னம்?"

"இது ரத்த ஓட்டம் இல்ல சார். நம்ம மெஷின் தள்ளுறதுனால ஓடுது."

"மெஷின் தள்ளுதோ?" என்று சிரித்தார். "கொள்ளாம். நல்ல தமாஷ."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது இந்தக் கட்டடத்துச் சுவருக்கெல்லாம் தெரியும். மெஷினின் குமிழைத் திருகிப் பவரைக் குறைத்தேன். நீலம் வெளிறியது. இன்னும் குறைத்தேன். சுத்தமாக மறைந்தது. "பாத்தீங்களா? ரத்தமா இருந்தா நம்ம குமிழுக்குக் கட்டுப்படுமா?" என்று ஜெயித்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தார். "அது ப்ரூஃப் அல்லல்லோ டாக்டரே. பவர் குறச்சா சின்ன ரத்தக் குழாயும் மறையும். சிக்னல் குறஞ்ஞா கலர் போகும். ரத்தம் அங்கதான் இருக்கும். ஞான் சர்ஜனாணு, மடையன் அல்ல."

எனக்குச் சுருக்கென்றது. அவர் தவறாகச் சொல்லியிருந்தால் அவ்வளவு வலித்திருக்காது. சொன்னது சரி. பவர் குறைந்தால் ஓட்டம் நின்றதா, ஓட்டத்தைப் பார்க்கும் கண் மங்கியதா என்று யார் கண்டது? நான் பாதிப் பாலத்தில் நின்று கரை வந்துவிட்டது என்று கத்தியிருக்கிறேன். உங்கள் எதிரில் கோபமாக நிற்பவர் சில சமயம் உங்களுக்கு நல்லது செய்துகொண்டிருப்பார், முகத்தைப் பார்த்துவிட்டுக் காதை மூடிக்கொள்ளாதீர்கள்.

"சிஸ்டர், கேன்டீன்ல கஞ்சிவெள்ளம் இருந்தா ஒரு டம்ளர் வாங்கிட்டு வாங்க" என்றேன், பக்கத்தில் நின்ற நர்ஸிடம்.

"ஊணு கழிச்சில்லே?" என்று சர்ஜன் கேட்டார். நான் சாப்பிடாமல்தான் இப்படிப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

கஞ்சிவெள்ளம், அதாவது சோறு வடித்த கஞ்சித்தண்ணி, வந்தது. தண்ணீர் கலந்து, ஆறவைத்து, ஒரு கையுறைக்குள் ஊற்றி வாயை முடிச்சுப் போட்டேன். மேலே ஜெல் தடவிப் ப்ரோபை வைத்தேன். குலுக்கம் அடங்கும்வரை காத்திருந்து கலரைத் தட்டினேன். நடுவில் நீலம். ஓரத்தில் சிவப்பு. முத்துலட்சுமியின் படத்தைப் பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று சொல்ல முடியாது.

"சார், இந்தக் கஞ்சிவெள்ளத்துக்கு எந்தத் தமனியிலேருந்து ரத்தம் வருது?" என்று கேட்டேன்.

படுத்திருந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "டாக்டரம்மா, எனக்கு உள்ள கஞ்சியா இருக்கு?"

நானும் சர்ஜனும் நர்ஸும் சிரித்துவிட்டோம். அவளும் சிரித்தாள். ஆனால் சர்ஜன் சர்ஜன்தான். சிரித்து முடித்ததும் நிதானமாகச் சொன்னார். "சம்மதிச்சு. மெஷின் தள்ளும். பக்ஷே அது கையுறை. இவளுக்குள்ளயும் அதுதான் நடக்குதுன்னு எப்படிப் பறயும்? நாளை அது கேன்சர்னு வந்தா இந்தக் குட்டிக்கு யாரு பதில் சொல்லும்? நீங்களா, கஞ்சிவெள்ளமா?"

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. மெய்யாகவே பிடித்தது. பதறாத காரியம் சிதறாது. ப்ரோபைத் துடைத்துவிட்டு யோசித்தேன்.

ரத்தக் குழாய்க்கு நான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரியாது. அது தன் பாட்டுக்குத் தன் வழியில் ஓடும். அக்குள் பக்கத்திலிருந்து பார்க்கும்போது என்னை விட்டு விலகிப் போகிற ரத்தம், எதிர்ப்பக்கம், நெஞ்சின் நடுப் பக்கத்திலிருந்து பார்த்தால் என்னை நோக்கி வரவேண்டும். நீலம் சிவப்பாக வேண்டும். ஆனால் ஓட்டத்தை உண்டாக்குவது என் ஒலிதான் என்றால், நான் எந்தப் பக்கம் போய் நின்றாலும் நடுவில் அது என்னை விட்டுத்தான் ஓடும். இரண்டு பக்கமும் நீலம்தான்.

ப்ரோபை வைப்பதற்கு முன்பே இதை அவரிடம் சொன்னேன். பார்த்துவிட்டுப் பிறகு காரணம் கண்டுபிடிப்பவள் இல்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும், எனக்கும் தெரிய வேண்டும். "சார், அக்குள் பக்கத்துலேருந்து நீலம். இப்ப எதிர்ப்பக்கம் வைக்கப் போறேன். நடுவுல சிவப்பு வந்தா, மறுபேச்சு இல்லாம குறி போட்டுத் தந்துடுறேன். நீலம் வந்தா, கத்திக்கு முன்னால ஒரு ஊசி. சம்மதமா?"

"சம்மதம்."

"முத்துலட்சுமி, மூச்சைப் பிடிச்சுக்கோ மக்கா. நான் சொன்னதும் விடு."

அவள் மூச்சைப் பிடித்தாள். சர்ஜனும் பிடித்தார் என்று நினைக்கிறேன். நான் கையை அழுத்தாமல், ஜெல்லின் மேல் மிதக்கவிட்டேன். நம் கை அழுத்தினாலும் நீர் நகரும், அது இன்னொரு பொய். கலரைத் தட்டினேன். திரை ஒரு கணம் வெறுமையாக இருந்தது. பிறகு வந்தது.

நீலம்.

மறுபடி அக்குள் பக்கம் போனேன். நீலம். திரும்ப இந்தப் பக்கம். நீலம். எங்கே போனாலும் நம்மைக் கண்டு ஓடுகிறது.

"மூச்சு விடலாமா?" என்று முகம் சிவக்கக் கேட்டாள் முத்துலட்சுமி. பாவம், அவளை மறந்தே போய்விட்டேன்.

"சரி. ஊசி" என்றார் சர்ஜன். "பக்ஷே ஞான் இவிட நிக்கும்." நின்றார். வெளியே குழந்தையோடு நின்ற கணவனைக் கூப்பிட்டு இரண்டு பேரிடமும் அவரே விளக்கினார். கட்டிக்குள் நீர்தான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது, ஊசியில் எடுத்துப் பார்ப்போம், சந்தேகம் இருந்தால் நாளைய அறுவை அப்படியே இருக்கும் என்றார். கணவன் அவள் முகத்தைப் பார்த்தான். "போடட்டும்" என்றாள் அவள்.

தோலை மரக்கவைத்து, திரையில் பார்த்துக்கொண்டே ஊசியை விட்டேன். பின்பக்கம் இழுத்ததும் சிரிஞ்சில் ஏறியது பால். கொஞ்சம் கெட்டி, கொஞ்சம் பழுப்பு, ஆனால் பால். இழுக்க இழுக்க, திரையில் அந்தக் கட்டி காற்றுப் போன பை மாதிரி சுருங்கிச் சுவரோடு சுவர் ஒட்டிக்கொண்டது. சுவரில் தடிப்போ முடிச்சோ இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். இல்லை. சர்ஜன் அந்தச் சிரிஞ்சை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

அந்தப் பெண் அங்கேயே கொஞ்சம் படுத்திருக்கட்டும். உங்களிடம் ஒன்று சொல்லிவிட்டு வருகிறேன், இல்லையென்றால் நாளைக்கே நீங்கள் எல்லோரும் ப்ரோபை எடுத்துக்கொண்டு கட்டிகளை ஊதக் கிளம்பிவிடுவீர்கள். இந்தக் கதையைக் கேட்ட ஒரு டாக்டர் பிறகு ஒருநாள், "உள்ளே அசையவில்லை, எனவே திடமான கட்டி" என்று எழுதிக்கொண்டு வந்தார். அந்த அறிக்கையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன், கொஞ்சம் சத்தமாகவே கொடுத்தேன். நீர் கெட்டிப்பட்டுத் தயிராகிவிட்டால் நம் ஒலியால் தள்ள முடியாது. அசைந்து, அந்த அசைவும் நம்மால்தான் என்று உறுதியானால், நீர். அசையாவிட்டால், தெரியவில்லை. "தெரியவில்லை" என்று எழுதக் கூச்சப்படுகிறவர்கள் இந்த வேலைக்கு வேண்டாம், பாங்க் பரீட்சை எழுதலாம். முத்துலட்சுமி விஷயத்திலும் "புற்று இல்லை" என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினோம், பிறகு வரச் சொன்னோம். பரிசோதனையில் கெட்டது ஒன்றும் இல்லை. திரும்ப வந்தபோது அந்த இடம் சுத்தமாக இருந்தது. அதற்கப்புறம்தான் அந்தச் சொல்லைச் சொன்னேன்.

இனி அன்றைய மதியத்துக்கு வருவோம்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். நடந்தது இன்னும் முழுசாக மண்டையில் ஏறவில்லை. மார்பைத் தொட்டுப் பார்த்தாள், கட்டி இருந்த இடத்தில் விரலை வைத்து வைத்து எடுத்தாள். "போயிருச்சா?" என்றாள். அப்புறம் பர்ஸைத் தேடி எடுத்து மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சர்ஜனைப் பார்த்தாள்.

"அப்ப நாளைக்கு ஆப்பரேசன்?"

"இல்ல. வேண்டா."

"இந்த மாத்திரை?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வெளியே வராந்தாவில் குழந்தை அழ ஆரம்பித்தது. காலையிலிருந்து பசியோடு இருந்த குழந்தை. தொண்டை கிழிகிற அழுகை. கணவன் "ஓ ஓ" என்று ஆட்டுவதும் கேட்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முத்துலட்சுமி போட்டிருந்த ஆஸ்பத்திரி கவுனின் முன்பக்கம் நனைந்தது. முதலில் ஒரு சொட்டு அளவு, பிறகு இரண்டு பக்கமும் பரவி ஓடியது. "ஐயோ" என்று இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு வெட்கத்தில் குனிந்தாள். கையிலிருந்த மாத்திரை அட்டை கீழே விழுந்தது.

சர்ஜன் சட்டென்று என் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். அணைந்த திரையைப் பார்த்தபடி சொன்னார். "டாக்டரே, அந்த அழுகையோட பவர் நம்ம மெஷினுக்கு இல்லல்லோ."

சிடுசிடுப்பாகத்தான் சொன்னேன், வேறு எப்படியும் எனக்குச் சொல்ல வராது. "என்னத்துக்கு இன்னும் உக்காந்திருக்க? போ மக்கா. போய்க் குடு."

அவள் செருப்பைக்கூடப் போடவில்லை. கதவு அவளுக்குப் பின்னால் ஆடி ஆடி நின்றது. நான் குனிந்து மாத்திரை அட்டையை எடுத்தேன். ஒரு மாத்திரையும் குறையவில்லை. நாங்கள் இருவரும் வராந்தாவைக் கேட்டுக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது.